வீட்டு மின் கட்டணம்: ஒப்பிடுவதும் குறைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றின் சங்கக் கணக்கைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ரீடிங் எடுத்துச் சென்ற மறுநாள் காலையில் யாராவது ஒருவர் மின் கணக்கீட்டு அட்டையோடு வந்து நிற்பதும், முந்தைய முறை இன்னொருவர் கேட்ட அதே ஐயத்தைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டதால், அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி விடைகளையும் சேர்த்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைக் கொண்டு போடப்பட்டவை. விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை இதுவே.

"யூனிட் யூனிட்னு சொல்றாங்களே, ஒரு யூனிட்னா எவ்வளவு?"

ஆயிரம் வாட் இழுக்கும் ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். 75 வாட் மின்விசிறிக்கு அதே ஒரு யூனிட் பதின்மூன்று மணி நேரத்துக்கு வரும். 9 வாட் எல்இடி விளக்கோ நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பலர், குளியலறையில் ஒரு மணி நேரமாக ஹீட்டர் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

"பில்லை எப்படிக் கணக்குப் போடுறாங்க?"

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, முந்தைய ரீடிங்கைக் கழித்தால் வருவது யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. வீடுகளுக்கு முன்பு இருந்த நிலைக்கட்டணம் 2022 செப்டம்பர் கட்டண உயர்வின்போது நீக்கப்பட்டுவிட்டது.

மொத்தம் 500ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70, அடுத்த நூறுக்கு ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45, 801 முதல் 1,000 வரை ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

இதிலிருந்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் சேமிக்கும் ஒரு யூனிட்டின் விலை, நீங்கள் கடைசியாக எட்டிய அடுக்கின் விலையே. 180 யூனிட் வீட்டில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் ரூ.2.35, 700 யூனிட் வீட்டில் அதே யூனிட் ரூ.9.45. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

"501 வந்தா ஒரே தூக்கா தூக்கிடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம். 500 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40. யூனிட்டுக்குரிய ரூ.8.40 போக மீதி ரூ.235, இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மானியம் கைவிட்டுப் போவதால் ஏறுவது. கட்டண அட்டவணையில் இப்படிச் செங்குத்தாக ஏறும் படி இது ஒன்றுதான். மற்ற அடுக்குகளைத் தாண்டும்போது, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே விலை கூடும். 600ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் ரூ.9.45 போட்டுவிடுவார்கள் என்று அஞ்சத் தேவையில்லை.

ஆகவே வழக்கமாக 480இலிருந்து 530க்குள் வருகிற வீட்டுக்காரர்கள்தாம் மற்றெவரையும்விடக் கவனமாக இருக்க வேண்டியவர்கள். ஐம்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்து, மீதி நாட்களுக்கு எத்தனை யூனிட் கைவசம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

"பக்கத்து வீட்டுல 1,500 தான் வருது, எங்களுக்கு மட்டும் ஏன் 3,000? மீட்டர் தப்பா?"

எங்கள் மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர் இதே தொகைகளோடு வந்தார்கள். இரண்டு வீட்டிலும் தலா ஒரு ஏசி, நான்கு பேர். ரூ.1,500 என்பது ஏறத்தாழ 452 யூனிட். ரூ.3,000 என்பது ஏறத்தாழ 613 யூனிட். தொகை இரு மடங்கு, ஆனால் யூனிட்டில் வேறுபாடு 161தான். அறுபது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு மூன்று யூனிட்கூட இல்லை. ஒரு வீட்டில் இரவு முழுவதும் ஏசி, மற்ற வீட்டில் நள்ளிரவு வரை மட்டும் என்ற அளவு வேறுபாடே இதற்குப் போதும்.

எனவே ரூபாயை ரூபாயோடு ஒப்பிடக் கூடாது. இரண்டு ரீடிங்குகளுக்கு இடையிலான யூனிட்டை எடுத்து, இடைப்பட்ட நாட்களால் வகுத்து, "நாளுக்கு எத்தனை யூனிட்" என்று ஒப்பிட வேண்டும். அதே வீட்டின் சென்ற ஆண்டு ஏப்ரல்–மே கணக்கோடு இந்த ஆண்டு ஏப்ரல்–மே கணக்கை ஒப்பிடுவதும் பயனுள்ளது. மார்கழிக் கணக்கோடு சித்திரைக் கணக்கை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை.

சில வீடுகளில் கீழும் மேலும் இரண்டு இணைப்புகள் இருக்கும். இரண்டு முறை நூறு யூனிட் இலவசம் கிடைப்பதால் தொகை குறைந்து தெரியும். தனித்தனிக் குடும்பங்கள் வாழ்ந்தால் அது முறையானது. ஒரே குடும்பம் புழங்கும் ஒரே வீட்டுக்குச் சலுகைக்காகவே இரண்டாவது இணைப்பு வைத்துக்கொள்வதை மின்வாரியம் ஏற்பதில்லை. அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

"ரீடிங் எடுக்க ஒரு வாரம் லேட்டா வந்தாங்க. அதனால எங்களுக்கு நஷ்டமா?"

நாட்கள் கூடியதற்காக அடுக்குகள் விரிந்துகொடுப்பதில்லை. நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 60 நாளில் 480 யூனிட், ரூ.1,679. ஆறு நாள் தாமதமானால் 528 யூனிட், ரூ.2,275.20. அடுத்த முறை 54 நாளிலேயே ரீடிங் எடுத்தால் 432 யூனிட், ரூ.1,376.60. நான்கு மாதக் கூட்டலில் ரூ.3,358 வர வேண்டிய இடத்தில் ரூ.3,651.80 வருகிறது. கூடிய தொகையில் பாதி அடுத்த முறை திரும்பிவிடுகிறது என்றாலும், மீதிப் பாதி, ஏறத்தாழ ரூ.294, போனது போனதுதான். 300 யூனிட் அளவில் இருக்கும் வீட்டுக்கு இந்தத் தாமதத்தால் இழப்பு பெரும்பாலும் இல்லை.

அட்டையில் ஒவ்வொரு முறையும் ரீடிங் தேதியைப் பார்த்து வையுங்கள். ரீடிங் நாள் கடந்தும் யாரும் வராவிட்டால் பிரிவு அலுவலகத்திலோ, மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலோ சொல்லலாம். மீட்டர் காட்டும் எண்ணைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

"எங்க வீட்டுல எது அதிகமா கரண்ட் இழுக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மீட்டரே சொல்லும். அதன் முகப்பில் சிறு சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று 3200 போன்ற ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, அறுபதால் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் அளவு மணிக்கு இத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். ஏசி மட்டும் ஓடும்போது ஒருமுறை, ஹீட்டர் மட்டும் ஓடும்போது ஒருமுறை எண்ணுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணுவது. சென்ற கோடையில் இரண்டாம் மாடி அம்மா ஒருவர், பகலெல்லாம் வீட்டில் யாருமே இல்லாதபோதும் யூனிட் ஏறுகிறது என்றார். குளிர்பதனப் பெட்டியின் செருகியைக்கூடப் பிடுங்கிவிட்டு, படிக்கட்டடியில் மீட்டர் முன்னால் கைக்கடிகாரத்தோடு நின்றோம். நிமிடத்துக்கு நான்கு முறை மின்னியது. நான்கை அறுபதால் பெருக்கி 3,200ஆல் வகுத்தால் 75 வாட். நாளெல்லாம் இது நடந்தால் 1.8 யூனிட்; அறுபது நாளில் 108 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் நூறும் அதிலேயே போய்விடுகிறது. தேடிப் பார்த்ததில் வரவேற்பறை மூலையிலிருந்த இன்வர்ட்டர்தான் காரணம். அதன் பழைய பேட்டரியில் தண்ணீர் வற்றி, அது நிரம்பவே நிரம்பாமல் ஓயாது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. மேல்மூடியைத் தொட்டால் கை சுட்டது. பேட்டரியை மாற்றிய பிறகு அதே விளக்கு அடுத்த மின்னலுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது.

"ஏசி போட்டா எவ்வளவு கூடும்?"

கடைக்காரர் சொல்லும் கணக்கை நம்பாமல் உங்கள் மீட்டரை நம்புங்கள். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் குறித்துப் பாருங்கள். ஏசி போடாத ஓர் இரவிலும் அதையே செய்து கழித்துவிடுங்கள். எங்கள் வீட்டு ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசிக்கு ஓர் இரவு 5 யூனிட் வந்தது. அறுபது இரவுக்கு 300 யூனிட். ஏசி இல்லாமல் 280 யூனிட், அதாவது ரூ.611 வரும் வீட்டில் இந்த 300 சேர்ந்தால் 580 யூனிட், ரூ.2,712. ஆக ஏசிக்கு மட்டும் ரூ.2,101, யூனிட்டுக்கு ஏழு ரூபாய். 501இன் படியும் இதில் அடங்கியிருக்கிறது.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட்டு வருவதும் அதனால்தான். 20இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதற்குப் பதிலாக 26இல் வைத்து மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள், உறக்கத்துக்குக் குறை வராது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கொருமுறை குழாயடியில் கழுவுவதும், கதவிடுக்கை அடைப்பதும், மேற்கு வெயில் படும் சன்னலுக்குத் தடித்த திரை போடுவதும் அதிகக் காசு கேட்காத வேலைகள்.

"பிஎல்டிசி ஃபேன் மாத்தினா லாபமா?"

வீட்டைப் பொறுத்தது. பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். ரூ.4.70 அடுக்கில் இருப்பவருக்கு ரூ.188, ரூ.8.40 அடுக்கில் இருப்பவருக்கு ரூ.336. மின்விசிறி ரூ.2,800 என்றால் முன்னவருக்குப் போட்ட பணம் திரும்ப இரண்டரை ஆண்டு, பின்னவருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. மொத்தமே 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் ரூபாயில் பயன் எதுவுமில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்; அதிக நேரம் ஓடும் கூடத்து மின்விசிறியையும் படுக்கையறை மின்விசிறியையும் முதலில் மாற்றுங்கள்.

"ஸ்டார் அதிகமா இருந்தா போதும்தானே?"

போதாது. நட்சத்திரங்களுக்கு உரிய அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள்; பழைய ஐந்து நட்சத்திரம் புதிய அளவுகோலில் மூன்றாகவும் இருக்கலாம். முகப்புச் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும், எந்த ஆண்டுக்கான சீட்டு என்பதையும் பாருங்கள். ஏசியின் அந்த எண் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கானது. நீங்கள் கோடையில் மூன்று மாதம் இரவில் மட்டும் போட்டால் 720 மணி நேரம்தான். அப்போது பாதிக்கும் குறைவாகவே ஆகும் என்பதால், ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை திரும்பி வர நாளாகும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் குளிர்பதனப் பெட்டிக்கு அப்படியல்ல.

"கேஸ் விக்கிற விலைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு மேலா?"

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குக் கொடுக்கும் சூட்டை இண்டக்‌ஷன் அடுப்பில் பெற ஏறத்தாழ 140 யூனிட் வேண்டும். எரிவாயு அடுப்பில் சூட்டின் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாவதையும் சேர்த்தே இந்த எண்ணைச் சொல்கிறேன். இனி உங்கள் அடுக்கால் பெருக்குங்கள்: ரூ.4.70 என்றால் ரூ.658, ரூ.6.30 என்றால் ரூ.882, ரூ.8.40 என்றால் ரூ.1,176. உங்கள் ஊரில் சிலிண்டர் விற்கும் விலைக்குக் கீழே இருந்தால் மாறலாம். ஆனால் சமையலே உங்களை 500க்கு மேல் தள்ளிவிடுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 350 யூனிட் வீட்டில் ஒரு சிலிண்டர் அளவு சமையல் கூடினால் 490; எல்லைக்குப் பத்து யூனிட் முன்னால் நிற்பீர்கள்.

"பிளக்கில் சொருகினா 30 சதவீதம் குறையும்னு ஒரு கருவி விக்கிறாங்களே?"

வாங்காதீர்கள். அத்தகைய பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான் இருக்கும். அது சரிசெய்வதாகச் சொல்லும் மின்திறன் குறைபாட்டுக்கு வீட்டு மீட்டர் காசு வாங்குவதே இல்லை; உண்மையில் செலவான யூனிட்டுக்கு மட்டுமே வாங்குகிறது. அந்தப் பணத்துக்குச் செட்டாப் பாக்ஸ், வைஃபை போன்றவற்றுக்குச் சுவிட்சு வைத்த நீட்டிப்புப் பலகை வாங்கலாம். 10 வாட் செட்டாப் பாக்ஸ் அணைக்கப்படாமல் கிடந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

"டிஜிட்டல் மீட்டர் மாத்தினதுக்கப்புறம் பில் கூடிடுச்சு. ஓட்டமா ஓடுதோ?"

பழைய சுழல்தட்டு மீட்டர்கள் தேய்ந்து மெதுவாக ஓடியிருக்கலாம். சிறு சுமைகளுக்குத் தட்டு நகராமலே நின்றிருக்கவும் கூடும். புதியது எதையும் விடுவதில்லை. ஐயம் தீராவிட்டால், மேலே சொன்ன மின்னல் சோதனையை வாட் அளவு தெரிந்த ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டுச் செய்து பாருங்கள். கணக்கு பெரிதும் பிசகினால் பிரிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கக் கோரலாம். அங்கே தீராததை மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், பிறகு மின் குறைதீர்ப்பாளருக்கும் கொண்டுபோகலாம்.

"வாடகை வீடு. ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குறார். என்ன செய்யறது?"

இரண்டு மாதத்தில் 180 யூனிட் செலவழிக்கும் குடும்பம் தனி இணைப்பில் ரூ.188 கட்டும். உரிமையாளர் தம் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டரில் ஒன்பது ரூபாய் வீதம் ரூ.1,620. என்னைக் கேட்க வருகிறவர்களில் உண்மையான சுமை இவர்களுக்குத்தான், அதிலும் ஓர் அறை, ஒரு மின்விசிறி என்று வாழ்பவர்களுக்கு. வீட்டு உரிமையாளரின் ஒரே இணைப்பில் பல குடும்பங்கள் இருந்தால் மொத்தம் மேலடுக்குக்குப் போய்விடுவதும் உண்மை. அதனால் வாரியத்தின் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாமா என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். வீடு பார்க்கும்போதே முன்பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: "தனி மீட்டரா, சப் மீட்டரா?" தனி மீட்டர் என்றால் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி நிலுவை இருக்கிறதா என்று பார்த்து, குடியேறும் நாளின் ரீடிங்கை எழுதி வையுங்கள்.

"மாடிப்படி லைட், மோட்டாருக்கு ஏன் இவ்வளவு வருது?"

பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு 2022 முதல் தனிக் கட்டணப் பிரிவு. இலவச யூனிட் இல்லை. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிகளுக்கு மேற்படாத, மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளுக்கு 2023இல் அது யூனிட்டுக்கு ரூ.8.15இலிருந்து ரூ.5.50ஆகக் குறைக்கப்பட்டது. தகுதி இருந்தும் பழைய பிரிவிலேயே கட்டுகிறீர்களா என்று பில்லைப் பாருங்கள்.

"சோலார் போட்டா பில்லே வராதாமே?"

உங்கள் யூனிட் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720. 900 யூனிட், ரூ.5,820 கட்டும் வீட்டில் அது மேலடுக்கிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து 180 யூனிட்டில் நிறுத்தும். 280 யூனிட் வீட்டுக்கோ ஆண்டு முழுவதும் கட்டும் தொகையே ரூ.3,666தான், அவர்கள் கடன் வாங்கிச் சோலார் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு; அது பணி முடிந்த பின் வங்கிக் கணக்குக்கு வருவதால் முதலில் கைப்பணம் வேண்டும். பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

"மாசாமாசம் ரீடிங் எடுத்தா பில் குறையும்தானே?"

2021 தேர்தலில் வாக்குறுதியாகச் சொல்லப்பட்டதிலிருந்து இதைப் பலரும் எதிர்பார்க்கிறார்கள். இரு மாத அடுக்குகளை அப்படியே பாதியாக்கி, 50 இலவசம், 250இல் எல்லை என்று வைத்தால் எல்லோருக்கும் குறைந்துவிடாது. 300, 180 என்று இரண்டு மாதம் செலவழிக்கும் வீடு இப்போது 480க்கு ரூ.1,679 கட்டுகிறது, மாதந்தோறும் என்றால் ரூ.1,440, ரூ.493.50, ஆக ரூ.1,933.50. ஒரு மாதச் சிக்கனம் அடுத்த மாத ஏசியைத் தாங்கிப் பிடிக்கும் வசதி போய்விடுகிறது. 300, 220 என்று போகும் வீட்டுக்கு எதிர்மாறாக, இப்போதைய ரூ.2,208 ரூ.2,153.50 ஆகும், ஒரு மாதமாவது எல்லைக்குள் இருந்து மானியத்தைக் காப்பாற்றிக்கொள்வதால் வரும் சிறு பயன் அது. ரீடிங் தாமதத்தால் ஏற்படும் இழப்பு குறையுமா என்பது, மாதந்தோறும் குறித்த நாளில் எடுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. அதுவரை மாதத்தின் முதல் தேதியில் நாமே மீட்டரைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்; எங்கள் குடியிருப்பில் இப்போது ஏழு வீடுகள் அப்படிக் குறிக்கின்றன.